சோரா நீல் ஹர்ஸ்டனின் மாணவப் பருவக் களஆய்வும் ஃபிரான்ஸ் போவாசின் நெறியாள்கையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரும் நாட்டார் வழக்காற்றியலாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் (1891–1960) இளங்கலை மாணவியாக இருந்தபோதே தம் சொந்த மக்களிடையே தனித்துக் களஆய்வு செய்தவர். மானிடவியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் போவாஸ் அவருக்கு நெறியாளராக அமைந்தார். 1927இல் மேற்கொண்ட முதற் களப்பயணம் பெரும்பாலும் தோல்வியில் முடிந்தது; அதன் விளைவாக வெளிவந்த கட்டுரையொன்று கருத்துத்திருட்டுக் குற்றத்திற்கும் உள்ளானது. எனினும் அதே களமும் அதே தகவலாளியும் அவருடைய பிற்கால நூல்களுக்கு அடித்தளமாயினர். நெறியாளர் எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்க இயலவில்லை, அந்த இடைவெளியை மாணவி எவ்வாறு நிரப்பினார் என்பவற்றை ஹர்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சோரா நீல் ஹர்ஸ்டன், ஃபிரான்ஸ் போவாஸ், ஆப்பிரிக்கானாவியல், களஆய்வு, நெறியாள்கை, நாட்டார் வழக்காறு.

முன்னுரை

ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் வரலாறு, இலக்கியம், வழக்காறு ஆகியவற்றை ஒருங்கே பயிலும் ஆப்பிரிக்கானாவியல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1960களின் இறுதியில்தான் தனித்துறையாக உருப்பெற்றது. சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்களின் நெடிய வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து அங்குக் கறுப்பினவியல் துறை அமைந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1969இல் ஆப்பிரிக்கானா ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. இத்தகைய துறைகளில் இளங்கலை மாணவர் ஓர் ஆசிரியரின் நெறியாள்கையில் தாமே பொருள் தேர்ந்து ஆய்வு செய்வது இன்று வழக்கமான ஒரு பயிற்சி. துறை தோன்றுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, அத்தகைய பயிற்சியின் எல்லா ஆக்கங்களையும் இடர்ப்பாடுகளையும் ஒருசேர எதிர்கொண்ட மாணவி ஹர்ஸ்டன். அவரைப் புதின ஆசிரியராகவே பலரும் அறிவர். அப்புதினங்களின் ஊற்றாகிய மாணவப் பருவக் களஆய்வு போதிய அளவில் கவனம் பெறவில்லை.

ஈட்டன்வில் முதல் பர்னார்டு வரை

ஹர்ஸ்டன் 1891 சனவரி 7ஆம் நாள் அலபாமா மாநிலத்தின் நோட்டசல்கா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. 1887இல் நகராட்சியாகப் பதிவு பெற்ற அவ்வூர், கறுப்பின மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட தொடக்ககால ஊர்களுள் ஒன்று. தந்தை ஜான் ஹர்ஸ்டன் தச்சர்; பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர்; அவ்வூரின் மேயராகவும் விளங்கியவர். ஊர்க்கடையின் திண்ணையில் ஆண்கள் கூடி ஒருவரை ஒருவர் விஞ்சும் வகையில் புளுகுக் கதைகள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர் ஹர்ஸ்டன். பின்னாளில் அவர் களமாகத் தேர்ந்தவற்றுள் முதலாவது அந்தத் திண்ணையே.

1904இல் தாய் லூசி மறைந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டதும் குடும்பம் சிதறியது. படிப்பு நின்றது. வீட்டு வேலைகளிலும், நாடகக் குழுப் பாடகி ஒருவரின் பணிப்பெண்ணாகவும் பல ஆண்டுகள் கழிந்தன. 1917இல் பால்டிமோரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 26. இலவசக் கல்விக்கு வயது வரம்பு தடையாக இருந்ததால் தம் வயதில் 10 ஆண்டுகளைக் குறைத்துச் சொன்னார். அக்கணக்கை வாழ்நாள் முழுவதும் மாற்றவில்லை. இதன் விளைவாக, அவரை இளம் மாணவி என எண்ணிய பேராசிரியர்கள் அனைவரும் உண்மையில் வாழ்க்கைப் பட்டறிவு மிக்க ஒரு பெண்ணையே எதிர்கொண்டனர்.

அடுத்து வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். முடிதிருத்தகம் ஒன்றில் நகத் திருத்தப் பணி செய்து கட்டணத்தை ஈட்டினார். மெய்யியல் பேராசிரியர் அலைன் லாக் வழிகாட்டிய இலக்கியக் கழகத்தின் இதழில் 1921இல் அவருடைய முதற் சிறுகதை வெளிவந்தது. 1925 சனவரியில் நியூயார்க் சென்றார். அவ்வாண்டு மே மாதம் ‘ஆப்பர்ச்சூனிட்டி’ இதழ் நடத்திய பரிசு விழாவில் கதைக்கும் நாடகத்திற்கும் பரிசுகள் பெற்றார். அவ்விழா வழியே அறிமுகமான ஆனி நேதன் மேயர், பர்னார்டு மகளிர் கல்லூரியின் நிறுவனர்களுள் ஒருவர். அவர் முயற்சியால் அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் அக்கல்லூரியில் ஹர்ஸ்டனுக்கு இடம் கிடைத்தது. கல்லூரியில் அப்போது பயின்ற கறுப்பின மாணவி அவர் ஒருவரே.

நெறியாளரும் மாணவியும்

பர்னார்டில் மானிடவியல் கற்பித்த கிளாடிஸ் ரைக்கார்டின் வகுப்பில் ஹர்ஸ்டன் எழுதிய ஒரு கட்டுரை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் போவாசின் பார்வைக்குச் சென்றது. இலக்கியத்தை முதன்மைப் பாடமாகக் கருதியிருந்த மாணவி மானிடவியலுக்குத் திரும்பியது இதன் பின்னரே.

போவாஸ் 1858இல் செருமனியின் மிண்டன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1883–84இல் பாஃபின் தீவில் இனுயிட் மக்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். இனங்களுக்கிடையே பிறவியிலேயே அறிவுத்திறன் வேறுபாடு உண்டு என்ற கருத்தைத் தம் ஆய்வுகளால் தொடர்ந்து மறுத்தவர். 1906இல் டபிள்யூ. ஈ. பி. டுபாய்சின் அழைப்பை ஏற்று அட்லாண்டா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆப்பிரிக்கப் பேரரசுகளின் தொன்மையையும் கைத்தொழில் சிறப்பையும் எடுத்துரைத்தவர். அவருடைய மாணவர்கள் அவரைத் தந்தை எனக் குறிப்பிட்டனர். ஹர்ஸ்டனும் அவ்வாறே குறிப்பிட்டார்.

நெறியாளர் முதலில் கொடுத்தது ஓர் அளவுகோல். போவாசின் மாணவரான மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் அப்போது கறுப்பின மக்களின் உடலளவுகளைத் தொகுத்து வந்தார். ஹர்ஸ்டன் 1926இல் அளவுக் கருவியுடன் ஹார்லெம் தெருக்களில் நின்று வழிப்போக்கர்களின் தலையை அளந்தார். ஒரு காலத்தில் கறுப்பினத்தவரைத் தாழ்த்துவதற்குப் பயன்பட்ட கருவி, அத்தாழ்வை மறுக்கும் பணியில் ஒரு கறுப்பின மாணவியின் கைக்கு வந்தது. முன்பின் அறியாத மனிதர் ஒருவரை நிறுத்தி இசைய வைக்கும் திறம் அவருக்கு இயல்பாக இருந்தது என்பதும் இப்பணியில் தெரியவந்தது.

இரண்டாவதாக, போவாஸ் பொருளுதவிக்கு வழி செய்தார். கார்ட்டர் ஜி. உட்சன் 1915இல் நிறுவிய நீக்ரோ வாழ்வு, வரலாற்று ஆய்வுச் சங்கமும், எல்சி குளூஸ் பார்சன்ஸ் துணைநின்ற அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் கழகமும் இணைந்து 1400 டாலர் உதவித்தொகை அளித்தன. பட்டம் பெறாத மாணவி ஒருவருக்கு அக்காலத்தில் இது பெருந்தொகை. ஆயினும் இதில் ஒரு சிக்கலும் உள்ளடங்கியிருந்தது. உட்சன் வரலாற்றாசிரியர், ஆவணங்களை எதிர்பார்த்தார். போவாஸ் வழக்காற்றை எதிர்பார்த்தார். ஒரே பயணத்தில் இரு தேவைகளையும் நிறைவேற்றும் கடமை மாணவியின்மேல் விழுந்தது.

முதற் களப்பயணம்: தோல்வியின் தன்மை

1927 பிப்ரவரியில் ஹர்ஸ்டன் ஃபுளோரிடாவுக்குச் சென்றார். பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு, இனவெறிக் கொலைகள் மலிந்த மாநிலத்தில் தனியாக ஊர் ஊராகச் சென்றார். கறுப்பினப் பெண்ணுக்கு விடுதிகளில் இடம் கிடைக்காத நிலையில் காரிலேயே உறங்க நேர்ந்த இரவுகளும் உண்டு. பாதுகாப்பிற்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்தார்.

இடர்கள் இத்தகையனவாயினும் பயணம் தோற்றதற்குக் காரணம் வேறு. கல்லூரியில் பயின்ற நாகரிக உச்சரிப்பில், நாட்டுப்புறக் கதைகளோ பாடல்களோ தெரியுமா என்று அவர் மக்களைக் கேட்டார். கதைகளை மூச்சாகக் கொண்ட அம்மக்கள் அப்படி எதுவும் தங்களிடம் இல்லையென்றும், அடுத்த வட்டாரத்தில் கிடைக்கக்கூடும் என்றும் பணிவுடன் அனுப்பிவைத்தனர். தம் ஊராரே தம்மை வெளியாராக நடத்தும் நிலையை ஹர்ஸ்டன் உணர்ந்தார். இத்தோல்வியை அவரே பின்னாளில் தம் தன்வரலாற்றில் வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளார்.

அவர் அனுப்பிய குறிப்புகளைக் கண்ட போவாஸ் அவ்வாண்டு மே மாதம் ஒரு கடிதம் எழுதினார். தொகுக்கப்பட்டவை பெரிதும் முன்பே பதிவானவற்றின் மறுபதிப்பாக உள்ளன என்று அதில் சுட்டினார். கதையின் உள்ளடக்கத்தைவிட, அது சொல்லப்படும் முறை, சொல்லாட்சி, சொல்பவரின் உடலசைவு, வழக்கமான பேச்சின் பாங்கு ஆகியவற்றில் கருத்தூன்ற வேண்டும் என முன்பே பேசியதை நினைவூட்டினார். நாட்டார் வழக்காற்றியலில் நிகழ்த்துதலை மையப்படுத்தும் கோட்பாடுகள் 1970களில் வலுப்பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே எழுதப்பெற்ற அறிவுரை இது. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்பதை நெறியாளர் சொன்னார். அதைக் காணும் இடத்தில் எப்படி நிற்பது என்பதைச் சொல்லவில்லை. வெள்ளை இனப் பேராசிரியர் ஒருவரால் அதைச் சொல்லியிருக்கவும் முடியாது.

ஒரு தகவலாளி, இரு பனுவல்கள்

அப்பயணத்தின்போது 1927 கோடையில் அலபாமாவின் மொபைல் நகருக்கு அருகே கட்ஜோ லூயிசை ஹர்ஸ்டன் சந்தித்தார். அடிமை இறக்குமதி 1808 முதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தும், 1860இல் க்ளோடில்டா என்னும் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்டோரை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மொபைலுக்குக் கடத்தி வந்தது. அவர்களுள் அப்போது உயிருடன் எஞ்சியிருந்தவராக அறியப்பட்ட முதியவர் அவர். கொசுலா என்பது அவருடைய இயற்பெயர்.

அச்சந்திப்பை அடிப்படையாகக் கொண்டு 1927 அக்டோபரில் உட்சனின் ‘நீக்ரோ வரலாற்று இதழில்’ ஹர்ஸ்டன் பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன் பெரும்பகுதி எம்மா லாங்டன் ரோச் 1914இல் வெளியிட்ட நூலிலிருந்து, அந்நூலைச் சுட்டாமலேயே எடுத்தாளப்பட்டது. இவ்வுண்மை அவர் மறைந்த பின்னர் 1972இல்தான் வெளிப்பட்டது. முதியவர் போதிய அளவு பேசாமையோ, இரு தரப்பாருக்கும் விளைவு காட்ட வேண்டிய நெருக்கடியோ, நெறியாளர் எழுப்பிய குறையினால் எழுந்த அச்சமோ காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதுவர். காரணம் எதுவாயினும் குற்றம் குற்றமே. ஆய்வுலகில் அதற்கு விலக்கில்லை.

ஆனால் ஹர்ஸ்டன் அங்கேயே நின்றுவிடவில்லை. மீண்டும் கொசுலாவிடம் சென்றார். பீச்சுப் பழமும் தர்ப்பூசணியும் கொண்டு சென்று, முற்றத்தில் அமர்ந்து அவருடன் உண்டார். அவர் பேச விரும்பாத நாள்களில் பேசாமல் திரும்பினார். தோட்ட வேலையில் துணைநின்றார். இவ்வாறு பல வாரங்களில் திரண்ட உரையாடலை ‘பாரக்கூன்’ என்னும் நூலாக 1931இல் எழுதி முடித்தார். முதியவரின் பேச்சுமொழியைத் திருத்தமான ஆங்கிலத்திற்கு மாற்றினால் வெளியிடலாம் என்ற பதிப்பகத்தின் நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. நூல் 2018இல்தான் அச்சேறியது.

இவ்விரு பனுவல்களையும் அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. முதலாவதில் ஆய்வாளர் தகவலாளியிடமிருந்து செய்தியைப் பெற முயன்று, கிடைக்காதபோது நூலை நாடினார். இரண்டாவதில் தகவலாளியின் மௌனத்தையும் தரவாக ஏற்றார். போவாஸ் வலியுறுத்திய சொல்லும் முறை என்பது இரண்டாவதில்தான் இடம்பெற்றது. அறிவுரை கிடைத்த நாளுக்கும் அது கைவந்த நாளுக்கும் இடையே மாணவி தானே கடக்க வேண்டிய தொலைவு ஒன்று இருந்தது.

உரிமை யாருடையது?

1928இல் ஹர்ஸ்டன் பர்னார்டில் பட்டம் பெற்றார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவருடைய ஆய்வுநிலை மாறிவிட்டது. 1927 டிசம்பர் 8ஆம் நாள் சார்லட் ஆஸ்குட் மேசன் என்னும் செல்வச் சீமாட்டியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மாதம் 200 டாலர், கார், படக்கருவி ஆகியவை அவருக்கு வழங்கப்பெற்றன. கைம்மாறாக, திரட்டப்படும் அனைத்தும் மேசனின் உடைமையாகும். அவர் இசைவின்றி எவருக்கும் காட்டலாகாது. தம் மக்களின் கதைகளைத் தாமே தொகுத்தும், அவற்றைத் தம் நெறியாளருக்குக் காட்ட உரிமையற்றவரானார் ஹர்ஸ்டன்.

இப்பணத்தில்தான் அவருடைய சிறந்த களஆய்வு நிகழ்ந்தது என்பது முரண். 1928 தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் போல்க் வட்டாரத்தில் லாஃப்மன் என்னும் மர அறுவை ஆலைக் குடியிருப்பில் தங்கினார். மற்றப் பெண்கள் 1.98 டாலர் ஆடையில் இருக்க, 12.74 டாலர் ஆடையுடனும் காருடனும் வந்த அவரை அரசின் துப்பறிவாளர் என ஐயுற்றனர். தாம் கள்ளச்சாராய வழக்கில் தப்பி ஒளிந்திருப்பவர் என்று சொல்லி அந்த ஐயத்தைப் போக்கினார். அவர்களுடன் ஆடினார், பாடினார், புளுகுக் கதைப் போட்டி ஒன்றை அறிவித்துப் பரிசுகள் வைத்தார். முன்னாண்டில் கதையே இல்லை என்று சொன்னவர்களைப் போன்ற மக்களிடமிருந்து கதைகள் பெருகி வந்தன. பிக் ஸ்வீட் என்று அழைக்கப்பட்ட பெண்ணின் நட்பு அவரைக் கத்திக்குத்திலிருந்தும் காத்தது. இம்முறை உச்சரிப்பு மாறியது. ஆடை பற்றிய கூச்சம் வந்தது. கேட்பவர் என்ற நிலையிலிருந்து பங்கேற்பவர் என்ற நிலைக்கு ஆய்வாளர் நகர்ந்தார். பொய்யுரைத்துப் பெற்ற நம்பிக்கை அறமாகுமா என்ற வினா இங்கு எழுவது இயல்பு. ஹர்ஸ்டன் அதை மறைக்காமல் தம் நூலிலேயே எழுதிவைத்தார் என்பது நோக்கத்தக்கது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் நியூ ஆர்லியன்சில் ஹூடூ வழிபாட்டாளர்களிடம் மாணவியாகச் சேர்ந்து சடங்குகளைக் கற்றார். அதன் விளைவான நீண்ட ஆய்வுரை 1931இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் இதழில் 100 பக்க அளவில் வெளிவந்தது.

நெறியாள்கையின் கனிகள்

மேசனின் பிடி தளர்ந்த பின்னர் ஹர்ஸ்டன் மீண்டும் போவாசை நாடினார். ஃபுளோரிடாக் கதைகளும் நியூ ஆர்லியன்சுச் சடங்குகளும் அடங்கிய ‘மியூல்ஸ் அண்ட் மென்’ நூலுக்கு முன்னுரை எழுதித்தருமாறு 1934இல் வேண்டினார். பொதுவாசகருக்காகக் கதைகளுக்கிடையே உரையாடல்களைச் சேர்க்கப் பதிப்பகம் வற்புறுத்தியதால், அறிவியல் தரத்திற்கு அது குறைவென ஆசிரியர் கருதுவாரோ என அஞ்சினார். போவாஸ் கையெழுத்துப்படியைப் பார்த்து முன்னுரை அளித்தார். வெளியாரிடம் காட்டும் போலி இணக்கத்தைக் கடந்து மக்களின் உள்வாழ்வை அடைந்தவர் என ஹர்ஸ்டனை அதில் மதிப்பிட்டார். நூல் 1935இல் வெளிவந்தது. ஹர்ஸ்டன் தம் அறிமுகப் பகுதியில் மானிடவியலைத் தொலைநோக்கிக்கு ஒப்பிட்டார். உடலோடு ஒட்டிய உள்ளாடைபோல் தம் பண்பாடு இருந்ததால் விலகி நின்று காண அக்கருவி தேவைப்பட்டது என்பது அவர் கருத்து.

1934இல் நான்சி குனார்டு தொகுத்த பெருந்தொகை நூலில் கறுப்பின மக்களின் வெளிப்பாட்டுப் பண்புகள் குறித்து ஹர்ஸ்டன் ஒரு கட்டுரை எழுதினார். பேச்சிலும் நடையிலும் ஆடலிலும் உள்ள நாடகத்தன்மை, அணிசெய்யும் விழைவு, சமச்சீரின்மை ஆகியவற்றை அது வகைப்படுத்துகிறது. கறுப்பினப் பேச்சைக் குறைபட்ட ஆங்கிலமாகக் கண்ட பொதுக்கருத்துக்கு மாறாக, அதைத் தனி அழகியலாக அது நிறுவுகிறது. வடிவத்தைக் கவனிக்குமாறு 1927 மே மாதக் கடிதம் கூறிய அறிவுரையின் முதிர்ந்த பயன் இக்கட்டுரை எனலாம்.

முனைவர் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. அதற்கெனக் கிடைத்த ரோசன்வால்டு அறக்கட்டளையின் உதவி, பாடத்திட்டம் குறித்த கருத்து வேறுபாட்டால் விரைவில் சுருக்கப்பட்டது. 1936இலும் 1937இலும் குகன்ஹைம் நல்கை பெற்று ஜமைக்காவிலும் ஹைட்டியிலும் களஆய்வு செய்தார். ஹைட்டியில் 7 வாரங்களில் எழுதிய புதினம் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ 1937இல் வெளிவந்தது. ஈட்டன்வில் திண்ணையின் பேச்சு அதில் இலக்கியமாயிற்று.

மறதியும் மீட்பும்

பிற்காலம் வறுமையில் கழிந்தது. 1960 சனவரி 28ஆம் நாள் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்சில், அரசு நல இல்லம் ஒன்றில் ஹர்ஸ்டன் மறைந்தார். கல்லறைக்கு அடையாளக் கல்லும் இல்லை. அவருடைய கையெழுத்துப்படிகளைக் குப்பையோடு எரித்துக்கொண்டிருந்தபோது, அவரை அறிந்த காவல் அலுவலர் ஒருவர் அவ்வழியே வந்து தீயை அணைத்து எஞ்சியவற்றைக் காத்தார். 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அக்கல்லறை இருந்த இடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார். 1977இல் ராபர்ட் ஹெமன்வேயின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 1920களின் இறுதியில் அவர் தொகுத்த கதைகளின் கையெழுத்துப்படியொன்று ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பெற்று 2001இல் நூலாயிற்று. புதிதாகத் தோன்றிய கறுப்பினவியல் துறைகளும் பெண்ணியல் துறைகளும் அவரைப் பாடமாக ஏற்றபோது, அவர் மாணவப் பருவத்தில் திரட்டியவை மாணவர்களின் ஆய்வுப் பொருளாயின.

முடிவுரை

ஹர்ஸ்டனின் மாணவப் பருவ ஆய்வு சில தெளிவுகளைத் தருகிறது. போவாஸ் கருவியையும் பொருளுதவியையும் கூர்மையான கண்டனத்தையும் வழங்கினார். இவை இன்றி ஈட்டன்வில் திண்ணை ஆய்வுக்களமாக மாறியிராது. ஆனால் களத்தில் எந்தக் குரலில் பேசுவது என்பதை நெறியாளரால் கற்பிக்க இயலவில்லை. அதைத் தோல்வியே கற்பித்தது.

விளைவு காட்ட வேண்டிய நெருக்கடி ஓர் ஆற்றல்மிக்க மாணவியையும் கருத்துத்திருட்டுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது. முதற் பயணத்தைப் பயிற்சியாகக் கருதி, தரவில்லாத அறிக்கையையும் ஏற்கும் மனம் நல்கை அளிப்போருக்கும் நெறியாளர்க்கும் இருந்திருப்பின் அக்கட்டுரை எழுதப்படாமலே போயிருக்கலாம். மேசனுடன் செய்த ஒப்பந்தமோ, பொருளுதவி ஆய்வுரிமையைப் பறிக்கும் இடத்தில் நெறியாள்கையும் செயலற்றுப் போகும் என்பதைக் காட்டுகிறது. இவற்றுக்கெல்லாம் ஈடாக நிற்பது ஒரு செயல்தான்: தவறிழைத்த அதே களத்திற்கு, அதே முதியவரிடம், ஹர்ஸ்டன் திரும்பிச் சென்றார். மாணவி ஆய்வாளராக மாறியது 1928இல் பட்டம் பெற்ற நாளில் அன்று. கொசுலாவின் முற்றத்தில் பேசாமல் அமர்ந்திருந்த நாள்களில் எனக் கொள்வதே பொருந்தும்.